விளக்குக்குத் தெரியாத பட்டை

இந்த ஜெர்மன் ஆய்வகத்தில் நான் பேசாமல் நின்றால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வந்து இரண்டு வருடமாகியும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

தாம்பரத்தில் நான் வேலை பார்த்த சின்னக் கம்பெனியில் சிலிக்காவைக் குழைத்துக் கண்ணாடித் தட்டில் நாங்களே பூசுவோம். மழைக்காலத்தில் சீக்கிரம் காயாது. தட்டின் அடியில் மூலிகைச் சாற்றைக் கோடாக இழுத்துக் கரைப்பானில் நிறுத்தினால், கலந்திருப்பவை தனித்தனிப் பட்டைகளாக மேலேறும். வேண்டிய பட்டையைச் சுரண்டிக் கழுவினால் பொருள் கைக்கு வரும். பட்டைகளைக் காட்டும் எங்கள் புற ஊதா விளக்கு பழுதாகி மாதக்கணக்காயிற்று. தட்டை மூடி, ஓரத்தை மட்டும் அயோடின் ஆவியில் காட்டிப் பட்டையைக் கண்டுபிடிப்போம். சீனியர் சரவணன் அண்ணன் கத்தியோடு குனியும்போது நான் கையைப் பின்னால் கட்டி நின்றால் போதும், நிறுத்திவிடுவார்.

"இன்னாப்பா, கம்முனு நிக்கிற? எங்க தப்பா கீது, சொல்லு."

பெரியவரிடம் தப்பு என்று சொல்ல எங்களுக்கு இருந்த வழி அதுதான்.

இங்கே ஜெர்மனியில் எட்டு மாத உழைப்பில் மிஞ்சிய பொருள் இருபது மில்லிகிராம். முழுவதும் ஒரே தட்டில். அது சுத்தமாகக் கிடைத்தால் என் ஒப்பந்தம் ஒரு வருடம் நீளும். சீனியர் மார்க்குஸ் புற ஊதா விளக்கைப் போட்டார். ஒரே ஒரு கறுப்புப் பட்டை. இதுதானே என்றார். எங்கள் பொருள் விளக்கில் தெரியாத வகை என்று எனக்குச் சந்தேகம். கையைப் பின்னால் கட்டினேன். அவர் தலையசைத்துவிட்டு அந்தப் பட்டையைச் சுரண்டி எடுத்துக்கொண்டார். அடுத்து, மிச்சத்தைக் குப்பைத் தொட்டிக்குள் வழிக்க ஆரம்பித்தார். கத்தி பாதித் தட்டைத் தாண்டியபோது கத்திவிட்டேன்.

"நிறுத்துடா!"

தமிழ் புரியாவிட்டாலும் நிறுத்தினார். மிஞ்சிய ஓரத்தை அயோடினில் காட்டினேன். வெறுமையாக இருந்த இடத்தில் பழுப்புப் பட்டை எழுந்தது. ஒன்பது மில்லிகிராம் மீண்டது. மிச்சம் குப்பையோடு கலந்து போயிற்று. தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று ஆய்வகத் தலைவர் என்னைத்தான் கேட்டார். ஒப்பந்தம் மூன்று மாதம்தான் நீண்டது. சுரண்டியவன் நானா?

பொங்கலுக்கு லீவு போட்டுத் தாம்பரம் கம்பெனிக்குப் போனேன். சரவணன் அண்ணன் ஒரு தட்டின் மேல் குனிந்திருந்தார். கத்தி வைத்த இடம் தப்பு. இந்த முறை நான் காத்திருக்கவில்லை. வேலை பழகும் பையன்கள் எல்லோர் முன்னாலும், தப்பு, கொஞ்சம் மேலே என்றேன். நான் சொன்னது சரிதான். அவர் கத்தியைக் கீழே வைத்தார். சிரித்தார். மூலையிலிருந்த விருந்தாளி நாற்காலியைத் துணியால் துடைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்க சார்."