ரூத் சிஸ்டர் வாங்கிய படகு

ரூத் சிஸ்டர் இறந்த செய்தி எனக்குத் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. சித்தூரிலிருந்து வந்து இறங்கிய சபை மூப்பர் ஒருவர் என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, "சிஸ்டர நேத்து அடக்கம் பண்ணிட்டோம். உங்களுக்குச் சொல்லி அனுப்ப ஆள் கெடைக்கல" என்றார். அவர் ஏறவேண்டிய ரேணிகுண்டா பஸ் கிளம்பிக்கொண்டிருந்ததால் அதற்கு மேல் பேச்சில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தூருக்குப் போனேன். ஆராதனைக்குப் பிறகு பேசியவர்கள் அவருடைய கண்டிப்பையும், பிரசவ வார்டை அவர் வைத்திருந்த விதத்தையும், பாடகர் குழுவில் அவர் பாடிய கட்டைக் குரலையும் சொன்னார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவர் சித்தூருக்கு வருவதற்கு முன்னால் ஏரிக்கரையில் இருந்த வருடங்களை அங்கே யாரும் அறிந்திருக்கவில்லை. அவரோடு அங்கே வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சித்தூர் சபையாருக்காக எழுதி வைக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில், சத்தியவேட்டுக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு சிறிய மருந்தகத்தில் அவர் நர்ஸ், நான் கம்பவுண்டர். டாக்டர் எப்போதாவது வருவார். ஏரிக்குள் ஒரு தீவு இருந்தது. அங்கிருந்த மீனவக் குடும்பங்கள் கரைக்கு வரப் படகை விட்டால் வழியில்லை. படகுகளோ விடிவதற்குள் மீனுக்குப் போய்விடும். ஒரு மழைக்காலத்தில் நாகம்மா என்ற பெண்ணுக்குக் காலையில் வலி கண்டது. அவள் கணவன் ஏழுமலை படகோடு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. கரை சேர்வதற்குள் அவள் உயிர் போய்விட்டது. வயிற்றுப் பிள்ளையும் போயிற்று.

சிஸ்டர் தாமே அவளைக் குளிப்பாட்டித் துணி சுற்றினார். வெளியே வந்ததும் ஏழுமலை கேட்டான்.

"கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா?"

"பொழச்சிருப்பா" என்றார் சிஸ்டர்.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். நானும்தான். அவரால் அது முடியாது என்பது அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் சித்தூர் போய், மருந்தகத்துக்கென ஒரு படகு வேண்டுமென்று மருந்தகத்தை நடத்திய மிஷன் நிர்வாகத்திடம் கேட்டார். படகு கவிழ்ந்தால் யார் பதில் சொல்வது என்று மறுத்துவிட்டார்கள். "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்தவர், தம் சொந்தப் பெயரில் படகு தேடத் தொடங்கினார். நிர்வாகம் சொன்னதே எனக்கு நியாயமாகப் பட்டது. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். "உங்களுக்கு அப்படிப் பட்டா சரிதான் கம்பவுண்டர். சனிக்கிழம என்கூட ரேணிகுண்டாவுக்கு வர முடியுமா?" என்றார்.

அவர் கண்டுபிடித்த படகு ஏழுமலையின் அப்பா ஓட்டியது. ஏரிக்கரைப் பனைமரங்களுக்கு அடியில் கவிழ்த்துப் போட்டு வருடக் கணக்காகிவிட்டிருந்தது. ஏழுமலை அதை விற்கத் தயங்கினான்.

"எங்க நைனா ஓட்டினது சிஸ்டர். அடிப்பலகை பூரா உளுத்துப் போய்க்கெடக்குது. இத வாங்கி இன்னா பண்ணப் போற நீ?"

"உளுத்தத எடுத்துட்டு வேற போட முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லு."

"போடலாம். பலகைக்கு எங்க போறது?"

"அது என் பாடு."

அப்படியானால் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னான். அதற்கு அவர் ஒப்பவில்லை. "சும்மா குடுத்தா நாளைக்கு உங்க அண்ணன் வந்து கேப்பான். வெலைக்கே குடு" என்று கையில் பணத்தைக் கொடுத்து வாங்கினார்.

பலகைக்குத்தான் ரேணிகுண்டா பயணம். அங்கே ரயில்வே யார்டில் பழைய மரப்பெட்டி ரயில்களைப் பிரித்து மரத்தை விற்றுக்கொண்டிருந்தார்கள். அத்தனையும் தேக்கு. சிஸ்டர் குடையைப் பிடித்தபடி பலகை பலகையாகத் தட்டிப் பார்த்துப் பொறுக்கினார். தெரிந்த லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய பிறகுதான் பார்த்தோம், ஒரு பலகையில் 'இங்கே துப்பக் கூடாது' என்று தெலுங்கில் எழுதியிருந்தது. ஏழுமலை அதைச் செதுக்கப் போனான். "உள்பக்கமா வர்ற மாதிரி போடு. ஆஸ்பத்திரிப் படவுதானே, இருக்கட்டும்" என்றார். கடைசிவரை அந்த எழுத்து அப்படியே இருந்தது.

ஏழுமலையும் அவன் அண்ணனும் அடிப்பலகைகளைப் பெயர்த்துத் தேக்கைப் பொருத்தினார்கள். இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்து, குங்கிலியப் பிசினை எண்ணெயில் காய்ச்சி மேலே பூச வேண்டும். சாயங்காலங்களில் சிஸ்டர் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து திரி உருட்டுவார். மருந்தகத்துப் பஞ்சை அவர் தொடவில்லை. சந்தையில் வாங்கி வந்தார். வேலை நடந்த நாட்களில் ஏழுமலை அதிகம் பேசமாட்டான். ஒருநாள் மட்டும் கொட்டாப்புளிச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "இத நான் அப்பவே பண்ணியிருக்கலாம்" என்றான்.

சிஸ்டரின் கை நிற்கவில்லை. "அப்ப எனக்கும் தோணல. திரியப் புடி" என்றார்.

முதல் முறை தண்ணீரில் இறக்கியபோது அவரும் ஏறி உட்கார்ந்தார். கரையில் தீவுக்காரர்கள் நின்றிருந்தார்கள். இடுப்பளவு ஆழம் போவதற்குள் படகில் தண்ணீர் நிறைந்து அது தரைதட்டி உட்கார்ந்துவிட்டது. சிலர் சிரித்தார்கள். சிஸ்டர் நனைந்த சேலையோடு எழுந்து நின்று, குனிந்து பலகைகளைப் பார்த்தார். "எங்கெங்க வருதுன்னு தெரிஞ்சு போச்சு" என்றார். புதுப் பலகை ஊறினால் இறுகிவிடும், நாலு நாள் தண்ணியிலேயே கிடக்கட்டும் என்றான் ஏழுமலை. அப்படியே ஆயிற்று. அதற்குப் பிறகு கசிந்ததெல்லாம் ஒரு தகரக் குவளையால் மொண்டு ஊற்றும் அளவுதான்.

அந்தப் படகில் பிரசவத்துக்கு வந்தவர்கள், பாம்பு கடித்தவர்கள், காய்ச்சல்காரர்கள் என்று பலர் கரை சேர்ந்தார்கள். சேர்ந்தும் பிழைக்காதவர்கள் உண்டு. பிழைத்தவர்களைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. விஷயம் நிர்வாகத்துக்குத் தெரிய வந்ததும் அவரைச் சித்தூருக்கு மாற்றினார்கள். அவர் முறையிடவில்லை. போவதற்கு முன் ஏழுமலையைக் கூப்பிட்டு, "மீனுக்குப் போ, வேணாங்கல. ஆனா தீவுக் கரையில எப்பவும் ஒரு படவு நிக்கணும். இது இல்லன்னா வேற ஒண்ணு" என்றார். தீவுக்கு விசைப்படகு வரும்வரை அவன் அப்படியே நிறுத்தி வைத்திருந்தான். போன வருடம் சித்தூரில் சிஸ்டரைப் பார்த்தபோது, படகைப் பிரித்துவிட்டார்கள் என்று சொன்னேன். "தேக்காச்சே. யாராவது கதவு பண்ணியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, என் மகளின் படிப்பைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பயணம். படகு ஓடத் தொடங்கிய முதல் வருடம், வாடைக்காற்று ஏறியிருந்த ஒரு காலை நேரம். பிரசவ வலி கண்ட தேசம்மா என்ற பெண்ணைத் தீவிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தோம். முன்னால் ஏழுமலை, அவனுக்குப் பின்னால் நான், இருவரும் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தோம். பாதி ஏரியில் சிஸ்டர், "இனிமே கரைவரைக்கும் தாங்காது. ரெண்டு பேரும் அந்தப் பக்கமே பாத்துக்கினு தள்ளுங்க. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாதீங்க" என்றார்.

தேசம்மாவின் அலறல் கேட்டது. பிறகு அதுவும் நின்று, பலகையில் தண்ணீர் மோதுவது மட்டும் கேட்டது. ஏழுமலை கோலை ஊன்றியவன் அப்படியே நின்றுவிட்டான். படகு காற்றில் பக்கவாட்டில் திரும்பத் தொடங்கியது. "ஏழுமல, நிக்காத" என்றார் சிஸ்டர். அவன் நகரவில்லை.

குழந்தை அழுதது.

"பொண்ணு" என்றார். "தள்ளு."

ஏழுமலையின் முதுகு குலுங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் தள்ளினான். சிஸ்டரின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. திரும்பக் கூடாது என்று சொல்லியிருந்தார். எனக்குக் கிடைத்தது அந்தக் குரல் மட்டும். மேஜையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துத் தரச் சொல்லும்போது எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது.