முட்டைக்கோஸ் பூரணம்

அந்த விளக்குப் பலகை ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும். மேலே பால்வெள்ளைக் கண்ணாடி, அடியில் விளக்கு. கழுவிய இலையை அதன்மேல் விரித்தால் நரம்பு நரம்பாகத் தெரியும். நரம்போடு ஒட்டிக்கிடக்கும் பச்சைப் பூச்சியும் தெரியும். துபாயில் நான் வேலை பார்க்கும் ஓட்டலில் யூத விருந்தினர்களுக்கென்று தனிச் சமையலறை ஒன்றைத் திறந்தபோது வந்திறங்கிய சாமான்களில் எனக்கு விநோதமாகப் பட்டது அதுதான். அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவரைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். சில வருடங்களாகவே நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் என்னைப் பற்றி எழுதவேண்டிய இடம் வந்ததும் எழுத்து நின்றுவிடும்.

அவர் மும்பைக்காரர், யூதர். அறுபதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். அவருக்குச் சமைக்கும் வேலை கிடையாது, கண்காணிக்கும் வேலை. எந்தச் சாமான் உள்ளே வருகிறது, எந்தச் சட்டியில் எது வேகிறது என்று அவர் தம் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அந்தச் சாப்பாடு அவர்கள் முறைப்படி சாப்பிடத் தகுந்தது. அடுப்பைக்கூட அவரே பற்றவைப்பார். நாங்கள் அவரை சார் என்போம். அவர் எங்களை பேட்டா, மகனே, என்பார். பேசியதெல்லாம் இந்தியில். ஆனால் அவர் சொன்னவை எனக்குத் தமிழிலேயே ஞாபகம் இருக்கின்றன, குரல் மட்டும் அவருடையது.

நான் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன். காய்கறிப் பிரிவில் வேலை. எங்கள் மாஸ்டர் தக்கலைக்காரர். பாஸ்கா என்ற சொல்லை எங்கள் மாதா கோவிலில் பெரிய வியாழன் பூசையில் கேட்டு வளர்ந்தவன்தான் நான். ஆனால் யூதர்கள் கொண்டாடும் அந்தப் பாஸ்காப் பண்டிகைக்காக ஒரு சமையலறை முழுவதையும் ஒரு வாரம் தேய்த்துக் கழுவி, அடுப்பு மேடையைக் கொதிநீர் ஊற்றிச் சுத்தம் செய்து, அலமாரிகளுக்கெல்லாம் அலுமினியத் தாள் ஒட்டுவார்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். எல்லாம் ஒரு துகள் கோதுமை எங்கும் இருந்துவிடக் கூடாது என்பதற்காக. வெளியிலிருந்து உப்புகூட வரக்கூடாது. காலையில் உள்ளே நுழையும்போது பாக்கெட்டுகளைக் காலி செய்து காட்டவேண்டும். பெரியவர் வாசலில் நின்று பார்ப்பார். மாஸ்டருடைய பாக்கெட்டிலிருந்து ஒரு நாள் மிக்சர் பொட்டலம் வந்தது. கோபிக்காமல் அதை வாங்கி வெளியே வைத்துவிட்டு, போகும்போது மறக்காமல் கொடுத்தார்.

பண்டிகையின் முதல் இரவு விருந்துக்கு பிளின்ட்ஸ் கேட்டிருந்தார்கள். மெல்லிய தோசை போல ஒரு பக்கம் மட்டும் வார்த்து, நடுவில் பூரணம் வைத்து, நாலு பக்கமும் மடித்துச் சின்னத் தலையணை போலாக்கி மறுபடியும் எண்ணெயில் சிவக்க விடுவது. மற்ற நாளில் மைதா. பண்டிகைக்கு உருளைக்கிழங்கு மாவும் முட்டையும். ஒவ்வொரு முட்டையையும் கண்ணாடித் தம்ளரில் தனியாக உடைத்து, ரத்தப்புள்ளி இல்லை என்று பார்த்த பிறகே மாவில் சேர்க்கவேண்டும். உள்ளே பாலாடைக்கட்டி வைப்பதுதான் வழக்கமாம். ஆனால் இறைச்சி இருக்கும் மேசைக்குப் பால் வரக்கூடாது என்பதால் காய்கறிப் பூரணம் போதும் என்றார்கள். மூன்று விதம் முடிவாயிற்று: வதக்கிய வெங்காயத்தோடு உருளைக்கிழங்கு, கீரையோடு காளான், முட்டைக்கோஸோடு கேரட்.

கீரையையும் கோஸையும் விளக்குப் பலகையில் இலை இலையாகப் பார்ப்பது பெரியவரின் வேலை; ஒரு பூச்சி உள்ளே போனாலும் அந்தச் சாப்பாடு அவர்களுக்கு விலக்கு. சமையலறை திறந்த முதல் மாதத்திலேயே நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். அவர் ஓர் இலையைப் பார்த்து ஒதுக்கி வைத்தார். அதன் காம்போரம் ஒரு பூச்சி இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் கத்தி நுனியால் எடுத்து மேசை ஓரத்தில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பூச்சியை வெகுநேரம் பார்த்தார். மறுநாள் பலகையைப் பாதி தூரம் என் பக்கம் நகர்த்தினார்.

"பேட்டா, நீயும் ஒரு தடவ பாத்துடு."

இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த லீவில் ஊருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்வதாகச் சொன்னார். மாதங்கள் போகப் போக, நான் பார்ப்பேன், அவர் தலையாட்டுவார் என்றாகிவிட்டது. யாரிடமும் சொல்லாதே என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். அந்த நாள்களில்தான் வாசலில் என் பாக்கெட்டைப் பார்ப்பதையும் நிறுத்தினார். நான் கையை விட்டு எடுக்கப் போனால், "உள்ள போ, உள்ள போ" என்பார்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு ருசி பார்க்க, விருந்தை ஏற்பாடு செய்த பெண்மணி வந்தார். உருளைக்கிழங்கு நன்றாக இருக்கிறது என்றார், காளானைப் பாராட்டினார். கோஸ் பூரணத்தில் ஒரு வாய் வைத்துவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தார். "பச்சை வாடை அடிக்கிறது, உயிரே இல்லை" என்றார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். அன்று முழுவதும் அந்த வார்த்தை எனக்குள் அரித்தது. கோஸ் வாடைக்கு என்ன மருந்து என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாயுத் தொந்தரவுக்காக மோரில் கலந்து குடிக்க ஒரு சின்ன டப்பாவில் பெருங்காயப் பொடி எப்போதும் வைத்திருப்பேன். மறுநாள் காலை அது என் பாக்கெட்டிலேயே இருந்தது. மறந்து வைத்திருந்தேனா, வேண்டுமென்றே வைத்திருந்தேனா என்று அன்று கேட்டிருந்தால் மறதி என்றுதான் சொல்லியிருப்பேன்.

கோஸ் வதங்கும்போது ஒரு சிட்டிகை போட்டேன். பெருங்காயம் செடியின் பால், அதில் என்ன தீட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாசனை எழுந்ததும் பெரியவர் ஸ்டூலிலிருந்தே, "இன்னைக்கி நல்லா வந்திருக்கு" என்றார். நான் சிரித்தேன்.

மத்தியானம் ஊழியர் உணவறையில் மோர் வாங்கி டப்பாவைத் திறந்தபோதுதான் அதன் பின்புறத்தில் அச்சடித்திருந்ததைப் படித்தேன். அதுவரை படித்ததே இல்லை. கோதுமை மாவு என்று முதல் வரியிலேயே இருந்தது. வெறும் காயம் கட்டியாகிவிடும் என்பதால் மாவு கலந்து பொடிக்கிறார்கள். மோரைக் குடிக்க முடியவில்லை. மாஸ்டரை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவர் டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டு என் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டார். "ஒரு நுள்ளுதானேடே. ஆருக்குத் தெரியப் போவுது? மிண்டாத இரி."

"அவங்க சாப்பிடக்கூடாதே, அண்ணே."

"தெரிஞ்சு தின்னாத்தான் பாவம். நீ சொன்னா ஒனக்கும் வேலை போவும், எனக்கும் போவும். பாத்துக்க."

ஒரு மணி நேரம் போல நான் மிண்டாமல், வாய் திறக்காமல்தான் இருந்தேன். அந்த நேரத்தில் கோஸ் பூரணம் வைத்து இருநூற்றுச் சொச்சம் மடித்து முடித்துவிட்டார்கள். அவற்றைத் தட்டுகளில் அடுக்கியிருந்ததைப் பார்த்தபோது, எங்கள் பாஸ்கா நாளில் யாராவது எங்களுக்கு இப்படிச் செய்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. பெரியவரிடம் போய்ச் சொன்னேன். டப்பாவைக் கையில் கொடுத்தேன். எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. "நீயே படி" என்றார். படித்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. "தெரியாம விழுந்திருந்தா எங்க குருமார் யாரையாவது கேக்கலாம். இது போட்டதாச்சே" என்றார். பிறகு எழுந்து, தட்டுத் தட்டாகக் குப்பையில் கொட்டச் சொன்னார். அந்தச் சட்டியையும் கரண்டியையும் தாமே வெளியே எடுத்துப் போனார். விருந்தை ஏற்பாடு செய்த பெண்மணிக்குப் போன் செய்தவரும் அவர்தான். "பாக்கெட்டை நான் பாத்திருக்கணும். தப்பு என்னோடது" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

அவர் அதோடு முடித்துவிட்டிருந்தார். முடியவிடாதவன் நான். மாலையில் அந்தப் பெண்மணியும் ஓட்டல் மேலாளரும் வந்தார்கள். பெண்மணி என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். வேறு எதில் போட்டாய்? எதிலும் இல்லை. கீரையில்? இல்லை. கீரையைத் தொட்டது யார்? என் வேலையில் எனக்குச் சிரத்தை உண்டு என்று காட்டிவிடவேண்டும் என்ற தவிப்பில் நான் சொன்னேன்: "நான்தான், மேடம். இலையெல்லாம் எப்பவும் நான்தான் பார்ப்பேன். ஒரு பூச்சியக்கூட விட்டதில்ல."

அது யார் செய்யவேண்டிய வேலை என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண்மணி என்னைப் பார்க்கவில்லை. பெரியவரைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஆமாம்" என்றார், அவ்வளவுதான்.

கீரைப் பூரணமும் குப்பைக்குப் போயிற்று. மறுநாள் காலை முழுவதும் உருளைக்கிழங்கு அவித்தோம். விருந்தில் அந்த ஒரு பூரணம்தான். பண்டிகை நடுவில் வேறு ஆளை வரவழைக்க வழியில்லாததால் எட்டு நாளும் பெரியவரே இருந்தார். இலைக் காய்கறி எதையும் உள்ளே விடவில்லை. வாசலில் எல்லோருடைய பாக்கெட்டையும் பார்த்தார், என்னுடையதையும். எட்டு நாளும் பேட்டா என்றுதான் கூப்பிட்டார். பண்டிகை முடிந்த வாரத்திலேயே அவரை அனுப்பிவிட்டார்கள். மாஸ்டருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தானாக முன்வந்து உண்மையைச் சொன்னவன் என்று மேலாளர் ஊழியர் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்ட வைத்தார். மாஸ்டரும் தட்டினார். வெளியே வந்ததும், "காயத்தச் சொன்னே, சரி. கண்ண எதுக்குடே சொன்னே?" என்று கேட்டார். கண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது வார்த்தைக்கு வார்த்தை உண்மை.

இப்போது அந்தச் சமையலறையில் இளைஞர் ஒருவர் கண்காணிப்பாளராக இருக்கிறார். கூர்மையான பார்வை. இலைகளை என்னிடம் தருவதில்லை. நானும் கேட்பதில்லை. பண்டிகைக்கு பிளின்ட்ஸ் உண்டு. காளான், கேரட், உருளைக்கிழங்கு. காய்கறிப் பிரிவுக்கு இப்போது நான்தான் தலைவன். அந்தப் பதவி எனக்கு எந்த நாளில் வந்தது என்று மற்றவர்களுக்கு ஞாபகம் இருக்காது.

இந்த வருடம் பண்டிகைக்கு முந்திய வாரம் அவருக்குப் போன் செய்தேன். நம்பர் இத்தனை நாளும் என்னிடம் இருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டதாம், பேரனுக்குத் தாமே பாடம் சொல்லித் தருகிறாராம். அவர்கள் வீட்டில் பண்டிகைக்கு அரிசிச் சோறு உண்டு, வெளிநாட்டுக்காரர்களைப் போல அதையும் ஒதுக்குவதில்லை என்று சிரித்தார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். "சார், அன்னைக்கு அந்த மேடம் கேட்டப்ப நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

மறுமுனையில் பிரஷர் குக்கர் விசில் இரண்டு முறை கேட்டது.

"நீ சொன்னது நெசம்தானே, பேட்டா" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை, ஆறுதலாகச் சொன்னதாகவும் தோன்றவில்லை. நான் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். அவர் அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்லி, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, போனை வைத்துவிட்டார்.