தண்டல் சொன்ன முதல் பதில்

கப்பல் ஏஜென்சி ஒன்றில் முப்பது வருடம் பேனா தேய்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆங்கிலம் தெரியும் என்பதால் விசா கடிதம், பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று தெருவில் யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். முடியாது என்று சொல்லும் தெம்பு எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அந்த விசாரணைக்கு மொழிபெயர்க்கப் போனதும் அப்படித்தான்.

எங்கள் ஊர்த் தோணி ஒன்று வெங்காயம் ஏற்றிப் போன நாட்டில் சண்டை மூண்டது. அந்த நாட்டு ராணுவம் தோணி ஆட்களை உளவாளிகள் என்று சொல்லி, சரக்கு அடுக்கும் ஒரு கிட்டங்கியில் அடைத்துவிட்டது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பியவர்களில் சமையல்காரர் இல்லை. காய்ச்சலில் இறந்தார் என்று ஒரு தாள்தான் வந்தது. அடித்துப் போட்டு, மூன்று நாள் தண்ணீர் கொடுக்காமல் விட்டார்கள் என்று தோணியை ஓட்டிய தண்டல் ஊருக்கே சொன்னார். சண்டை ஓய்ந்த பிறகு, கைதிகளை நடத்திய விதம் பற்றி அந்த ராணுவமே ஒரு விசாரணை வைத்தது. சமையல்காரரின் மனைவி கேட்டது ஒன்றுதான். அந்தத் தாளில் காய்ச்சல் என்பதை நீக்கிவிட்டு நடந்ததை எழுத வேண்டும். மற்றவர்கள் மறுபடி கடலுக்குப் போயிருந்ததால், சாட்சி சொல்லத் தண்டல் மட்டுமே இருந்தார்.

ஒரு ஹோட்டல் அறை, கணினித் திரையில் மூன்று அதிகாரிகள். சாட்சி சொன்னதை மட்டுமே சொல்வேன், என் கருத்தைச் சேர்க்கமாட்டேன் என்று முதலில் என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். பிறகு கேட்டார்கள், "காவலில் உங்களை எப்படி நடத்தினார்கள்?"

தண்டல் எழுந்து நின்று கைகூப்பினார். "கொறை ஒண்ணும் இல்லங்கய்யா. நல்லா இருந்தோம்."

தோணிக்காரர்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கரையேறும் தண்டல் வாயில் முதலில் நல்லதுதான் வர வேண்டும். பாய்மரம் முறிந்திருந்தாலும், கூட வந்தவன் செத்திருந்தாலும், குறை இல்லை என்றுதான் தொடங்குவார். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "பொறவு?" என்று கேட்டால்தான் கெட்டது வெளியே வரும். வேலையில் இருந்த நாட்களில் நானே எத்தனையோ பேரிடம் அப்படிக் கேட்டிருக்கிறேன்.

அன்று கேட்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி "புகார் இல்லை" என்று எழுதிக்கொண்டு, அடி, தண்ணீர், மருத்துவம் பற்றிய கேள்விகளை எல்லாம் தாண்டி, தோணி திரும்பக் கிடைத்ததா என்ற பக்கத்துக்குப் போய்விட்டார். அவர்களுடைய படிவம் அப்படி. தண்டல் என் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அவராகவே சமையல்காரர் பேச்சை எடுத்தபோது, அந்தப் பகுதி முடிந்துவிட்டது, வேண்டுமானால் எழுதி அனுப்பலாம் என்றார்கள். இது எங்கள் ஊர் வழக்கம், இன்னும் பதிலே வரவில்லை என்று நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சத்தியத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அசதி. சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்றிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே வெறுப்பு வருகிறது.

எழுதியும் அனுப்பினோம். அதற்குப் பிறகு சமையல்காரரின் மனைவி வீட்டு வழியாக மார்க்கெட்டுக்குப் போவதை விட்டுவிட்டேன். சுற்றுவழியில் நடந்தே மூட்டுவலி கூடியதுதான் மிச்சம்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் அவரே கடிதத்தோடு வந்தார். ஆங்கிலத்தில் இருந்தது. வாசித்துச் சொல்லத் தெருவில் என்னை விட்டால் ஆள் இல்லை. சாட்சி நேரில் சொன்னதில் புகார் இல்லை, பிறகு எழுதி அனுப்பியதை ஏற்பதற்கில்லை, மரணத்தின் காரணம் முன்பு குறித்தபடியே இருக்கும். ஒரு வரி விடாமல் சொன்னேன்.

"அப்ப காய்ச்சல்தான்னு முடிச்சிட்டாங்களா?" என்றார்.

"முடிச்சிட்டாங்கம்மா. தண்டல் மேல தப்பு இல்ல. அங்கன நான் ஒரு வார்த்த சொல்லிருக்கணும். சொல்லல."

அவர் கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டார். குரலில் கோபம்கூட இல்லை.

"தெரியும் அண்ணாச்சி. தண்டல் அன்னைக்கு சாயங்காலமே வந்து அழுதுட்டுப் போனாரு. நீங்க எப்ப வந்து சொல்லுவியன்னுதான் இத்தன நாளும் பாத்துக்கிட்டு இருந்தேன். கடைசில நான்தான் வர வேண்டியதாப் போச்சு."