கைக்கண்ணாடியும் கரித்துண்டும்

கழிவறைக்குப் போனால் எங்கள் சூப்பர்வைசர் கைப்பேசியில் நேரம் பார்ப்பார். ஐந்து நிமிடம் தாண்டிவிட்டால், உற்பத்தி லைனில் எல்லோர் முன்னாலும், "அக்கா உள்ள குடும்பம் நடத்திட்டு வராங்க" என்பார். என்னைவிடப் பத்து வயது இளைய ஆண். ரப்பர் தோட்டத்தில் வேலை வாங்கிய மண்டோரிடம் என் அம்மா கேட்ட பேச்சை, மலாக்கா தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை செய்த பிறகு நானும் கேட்க வேண்டுமா என்று எரிந்தது. நானும் இன்னும் மூன்று பெண்களும் ஆபிசில் எழுத்தில் புகார் கொடுத்தோம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நாங்கள் நால்வரும் சனிக்கிழமை ஓவியப் பட்டறைக்குப் போக வேண்டுமாம்.

"ஸ்ட்ரெஸ் குறையும்லா அக்கா. ஜாலியா இருக்கும்" என்றாள் ஆபிசில் ஊழியர் விவகாரம் பார்க்கும் பெண்.

நேரம் பார்த்தவருக்கு ஒன்றுமில்லை. இறுக்கம் தளர வேண்டியவர்கள் நாங்கள்.

மலாக்கா நகரத்துத் தெங்கேரா தெருவில் ஒரு பழைய கடைவீட்டு மாடி. சொல்லித் தந்தவர் ஒரு சீனப் பெண்மணி. ஆளுக்கொரு கைக்கண்ணாடியும் கரித்துண்டும் கொடுத்து, கண்ணாடியை மட்டும் பார்த்துத் அவரவர் முகத்தை வரையச் சொன்னார். தாளைப் பார்க்கக் கூடாது, கையை எடுக்கக் கூடாது. நான் அழுத்திய அழுத்தில் கரி இரண்டாக உடைந்தது. அவர் இன்னொன்றை வைத்துவிட்டுப் போனார்.

வரைந்து முடித்துப் பார்த்தால் ஒரு கண் காதருகே இருந்தது, மூக்கு கன்னத்தில் முளைத்திருந்தது. என்னோடு புகாரில் கையெழுத்துப் போட்ட தோழி எட்டிப் பார்த்தாள்.

"இது நீயா, உம்பாய் கடற்கரைக் கடையில சுட்ட மீனா?"

சிரித்துவிட்டேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்து, இடது கையால் தன்னை ஒரு பழமாக வரைய வேண்டும். டுரியான் போட்டேன். அந்தப் பெண்மணி குனிந்து பார்த்து, "இன்னும் முள் போடலாம்" என்று மலாயில் சொன்னார். தாள் முழுக்கப் போட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது. அதுதான் பிறகு என்னை அதிகமாகக் கோபப்படுத்தியது. ஏனென்றால் ஆபிஸ் பெண் ஓர் ஓரமாக நின்று நாங்கள் சிரிப்பதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அந்தப் படம் அறிவிப்புப் பலகையில் இருந்தது. சூப்பர்வைசர் அதன் முன்னால் நின்று, "சிரிச்சா எவ்வளவு அழகா இருக்கீங்க, பாத்தீங்களா" என்றார். அவர் கண்ணெதிரே அதைக் கழற்றிக்கொண்டு ஆபிசுக்குப் போனேன்.

"எங்க புகார் என்னாச்சு?"

"அது செட்டில் ஆயிடுச்சே அக்கா. வர்க்‌ஷாப் வச்சோம், நல்லா சிரிச்சீங்களே."

"நான் வரஞ்ச படத்தப் பாத்து சிரிச்சேன். புகார் கொடுத்தது டாய்லெட்டுக்கு. செட்டில் ஆகலன்னு இப்பவே எழுதித் தரேன், பேப்பர் கொடு."

அவளது மேசையிலேயே எழுதினேன். மற்ற மூவரில் இருவர் மதிய இடைவேளையில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தி மாட்டேன் என்றுவிட்டாள்; அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அது என் தப்பு.

இரண்டு மாதத்தில் சூப்பர்வைசரை வேறு லைனுக்கு மாற்றினார்கள். எங்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த லைனிலும் பெண்கள்தான் வேலை செய்கிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருத்தி கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க எழுதினது மலாய்லயா, இங்கிலிஷ்லயா?"

"ரெண்டுலயும் எழுது. தனியா எழுதாத, நாலு பேரா எழுதுங்க" என்றேன்.