எரிமலை வாயில் ஒரு பிடி சோறு

யோகன் அண்ணை இல்லையாம்...

இன்று காலை ஹவுன்ஸ்லோ வெஸ்ட் ஸ்டேஷனில் நிற்கும்போது அவருடைய மகள் போன் செய்தாள். சுகமில்லாமல் இருந்தார் என்று தெரியும். தெரிந்திருந்தும் இரண்டு ட்ரெயினை விட்டுவிட்டு அங்கேயே இருந்தேன்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. தொண்ணூறுகளில், ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் ஒரு கிச்சனில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். பெல்ட்டில் ட்ரே வரும். நான் பன்னும் பட்டரும் வைப்பேன், அவர் கடைசியில் நின்று மூடியைப் போடுவார்.

நான் மறந்தால் பெல்ட்டையே நிறுத்திவிட்டுக் கத்துவார். "பிள்ளை, நடு வானத்தில அந்தாள் பட்டருக்கு எங்க போறது?"

97 கோடையில் வேலையிடத்தில் சிலர் சேர்ந்து இத்தாலிக்கு நான்கு நாள் ட்ரிப் ஒழுங்கு செய்தார்கள். எனக்கு இருபத்தொரு வயது. கையில் அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகம்... இலங்கையைத் தவிர எல்லா நாட்டுக்கும் செல்லும் என்று எழுதியிருக்கும்.

டிக்கெட் எடுத்த பிறகுதான் யோகன் அண்ணை தமிழ்க் கடைக் கலண்டரைப் பார்த்திருக்கிறார். வெசூவியஸ் எரிமலைக்கு ஏறும் நாள், ஆடி அமாவாசை. இறந்துபோன தகப்பனுக்குப் பிள்ளைகள் விரதம் இருக்கும் நாள். மனுசன் சூட்கேசுக்குள் ரைஸ் குக்கரும் இரண்டு வாழைக்காயுமாக வந்து சேர்ந்தார்.

எனக்கு அந்தத் தேதி முன்பே தெரியும். தெரிந்துதான் பெயர் கொடுத்தேன்.

அப்பா தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டவர். போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அம்மா லண்டனிலும் பொட்டு வைத்துக்கொண்டு, தபால் விழும் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி இருந்தார். அந்த வீட்டில் நான் அப்பாவுக்கு விரதம் இருக்க முடியாது. இருந்தால், அவர் செத்துவிட்டார் என்று நானே சொன்னதாகிவிடும்.

ஆனால் எனக்குக் களைத்துவிட்டது... ஏதாவது ஒரு முடிவு வேண்டியிருந்தது. அம்மாவின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், ஒரே ஒரு நாள்.

பஸ் நின்ற இடத்திலிருந்து வழிகாட்டி எங்களைக் கூட்டிக்கொண்டு ஏறினார். ஆளுக்கொரு தடி. பாதை முழுக்கக் கறுத்த சாம்பலும் சல்லியும்... ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கும். காலையிலிருந்து நான் தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தேன்.

உச்சியில் பெரிய பள்ளம். நெருப்பைப் பார்க்கலாம் என்று போனவள் நான். உள்ளே வெறும் கல்லும் மண்ணும். ஒரு பக்கச் சுவரில் மட்டும் மெல்லிய புகை.

யோகன் அண்ணை ஓரமாகப் போய், பேப்பர் சுருளிலிருந்து எள்ளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் போத்தல் தண்ணீரை விட்டார். வழிகாட்டி ஓடி வந்து, எதையும் உள்ளே எறியக்கூடாது என்று சத்தம் போட்டார்.

"ஃபார் மை ஃபாதர், சேர்" என்றார் இவர்.

அந்த மனிதர் ஒரு கணம் நின்றார். பிறகு திரும்பிப் போய், மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கம் கடலைக் காட்டத் தொடங்கினார்.

ஆனால் காகத்துக்குச் சோறு வைக்க மட்டும் விடவில்லை. விட்டிருந்தாலும் அங்கே காகம் இல்லை. காகத்துக்கு வைக்காமல் விரதகாரர் சாப்பிட மாட்டார். ஐஸ்கிரீம் பெட்டியில் சோறு, பருப்பு, வாழைக்காய்... மடியில் வைத்தபடி இருந்தார். பிறகு, பிரிக்காத என் சாண்ட்விச்சைப் பார்த்தார்.

"காலமையும் நீ ஒண்டும் சாப்பிடேல்லை."

"வயித்துக்குள்ள சரியில்லை அண்ணை."

"தலை முழுகிப்போட்டு வந்திருக்கிறாய். கொப்பருக்கோ விரதம் பிடிக்கிறாய்?"

நான் சாண்ட்விச்சைப் பைக்குள் திணித்தேன்.

"கொம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. ஏழு வருஷம் அண்ணை... இனியும் என்னெண்டு..."

"என்ர அப்பாவுக்கு நான் கொள்ளி வைச்சனான். நீ கொப்பரைக் கண்டனியோ?"

"இல்லை."

"ஆராவது கண்டவையோ?"

"இல்லை."

"அப்ப சாப்பிடு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்குச் சொல்ல லேசு. நாள் முழுக்க அம்மான்ர முகத்தைப் பாக்கிறது நான்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

அவர் சண்டைக்கு வரவில்லை. ஒரு பிடி சோற்றைக் குழைத்து நீட்டினார்.

"காகம் இல்லாட்டி நானும் பட்டினி. இண்டைக்கு நீதான் என்ர காகம். கா... கா... எண்டு கூப்பிடவோ?"

சிரித்துவிட்டேன், அழுதுகொண்டேதான். வாங்கிச் சாப்பிட்டேன். சோற்றில் உப்பே இல்லை.

அடுத்த வருடம் ஆடி அமாவாசை அன்று மத்தியானம் வீட்டுக்குப் போன் வந்தது.

"பிள்ளை, சாப்பிட்டியோ?"

"ஓம் அண்ணை."

"சரி." வைத்துவிட்டார்.

நான் கிச்சனை விட்டுக் கவுன்சில் வேலைக்குப் போன பிறகும்... எனக்குக் கல்யாணமான பிறகும்... அம்மா பொட்டோடேயே கண்ணை மூடிய பிறகும்... ஒவ்வொரு ஆடியிலும் அந்த ஒரு கேள்வி. வேறெதுவும் பேசமாட்டார்.

போன வருடம் குரல் மிகவும் இறங்கியிருந்தது. வழக்கம்போலக் கேட்டார், வழக்கம்போல ஓம் என்றேன். ஆனால் அவர் போனை வைக்கவில்லை.

"அண்டைக்கு நான் உன்னைத் தின்னப் பண்ணினது சரியோ பிழையோ தெரியேல்லை பிள்ளை" என்றார்.

"எனக்கும் தெரியேல்லை அண்ணை" என்றேன்.

அதற்குப் பிறகுதான் போனை வைத்தார்.

இந்த ஆடியில் போன் வராது. சாப்பிடுவதா வேண்டாமா... இன்னும் தெரியவில்லை.

நல்லபடியாகப் போங்கள் அண்ணை.