வெயிலுக்கு இரண்டு பங்காளிகள்

சட்டை ஓரத்தில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு கிளிப்புகள் கவ்விக்கொண்டிருக்கும் என்பதால் அவளைத் தெருவில் எல்லோரும் கிளிப்பக்கா என்றே கூப்பிட்டார்கள். ஐந்து மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒற்றை அறை. அதில் இரண்டு சலவை இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஒரு சின்ன மருத்துவமனைக்கும் இரண்டு விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுத்தாள். துவைக்க இயந்திரம் இருந்தது. காயவைக்க மொட்டைமாடிதான். தெருவில் கட்டடங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. கீழே வெயில் விழுவது உச்சிப்பொழுதில் அரைமணி நேரம், அதுவும் ஒரு முழ அகலத்துக்கு. லிஃப்டில் ஈரத்துணி ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் எழுதி ஒட்டியிருந்தார். பதினேழு வருஷமாக அவள் படியேறித்தான் காயப்போட்டாள்.

அந்த மாடியை அளக்க ஒருநாள் டேப்போடு வந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. சோலார் பேனல் பொருத்தும் கம்பெனியில் அவன் ஃபிட்டர். லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குகளுக்கும் இனி மாடியிலிருந்தே மின்சாரம் எடுப்பதாகச் சங்கம் ஒரு மாதம் முன்பே முடிவு செய்திருந்தது. அந்த ஒரு மாதத்தில் நாலு தடவை அவன் அக்கா வீட்டில் சாப்பிட்டிருக்கிறான். ஒரு வார்த்தை விடவில்லை.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?" என்று கேட்டாள்.

"சொன்னா நீ கத்துவேன்னு தெரியும்."

அவள் கத்தவில்லை. டேப்பின் மறுமுனையைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, விரிப்புகளை உதறிக் கொடியில் போட ஆரம்பித்தாள்.

சங்கக் கூட்டத்துக்கும் போனாள். பேனல்களை எட்டடி உயரத்தில் தூக்கி வைத்தால் அடியில் காற்றோட்டத்தில் துணி காயும், இரண்டு பேருக்கும் ஆகும் என்று சொன்னாள். உயரத் தூக்கினால் காற்றில் பிய்த்துக்கொண்டு போகும் என்றார் செயலாளர். அவர் ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி. பேசும்போது ஆளைப் பார்க்க மாட்டார், காகிதத்தைத்தான் பார்ப்பார். "மாடி இருபத்திரண்டு குடும்பத்துக்கும் பொதுச் சொத்து. ஒருத்தர் தொழில் பண்ற இடம் இல்ல" என்று முடித்தார். அவளிடம் துணி கொடுத்துத் துவைத்துக்கொள்ளும் ஆறு வீட்டுக்காரர்களும் கைதூக்கியது பேனலுக்குத்தான். அந்த ஆறு வீட்டு மூட்டையையும் மறுநாள் காலை அவரவர் வாசலில் துவைக்காமலேயே கொண்டுபோய் வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் செய்தது சுத்தமான அடாவடி. ஆட்கள் வருவதற்கு முன்னால், விடிந்தும் விடியாமலும் மாடியேறி, மூலைமுடுக்கு விடாமல் ஈர விரிப்புகளைக் கட்டிவிடுவாள். துளை போட வந்தவர்கள் வெள்ளைத் துணிக்குள் புகுந்து வழி தெரியாமல் திரும்பிப் போனார்கள். பதினோரு நாள் இப்படி ஓடியது. பன்னிரண்டாம் நாள் விரிப்புகளைக் கட்டிவிட்டு இறங்கி, மறுபடி அவள் மேலே போனபோது கொடி ஒன்றுகூட இல்லை. மருத்துவமனை விரிப்பு நாற்பதும் புறா எச்சத்திலும் சிமெண்டுத் தூளிலும் புரண்டு கிடந்தன.

செயலாளர் ஆள் வைத்து அறுத்தார் என்றுதான் முதலில் நினைத்தாள். அவர் கதவைத் தட்டப் போனவளைப் படிக்கட்டில் தம்பி மறித்தான்.

"அவர்கிட்ட போகாத. நான்தான் அறுத்தேன்."

அவள் ஒரு படி பின்வாங்கினாள். அவனே தொடர்ந்தான்.

"பதினோரு நாளா என் ஆளுங்க சும்மா உக்காந்திருக்காங்க. என்னை வேலையை விட்டுத் தூக்கறேன்னு சொல்லிட்டாங்க. உனக்கு மட்டும்தான் பொழப்பா?"

"அறுக்கிறதுக்கு முன்னாடி துணியை எடுத்து மடிச்சு வச்சிருக்கலாம்ல" என்றாள் அவள். அன்று மருத்துவமனைக்கு விரிப்பு போகவில்லை. அந்த வாரமே அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

பேனல்கள் மாடி முழுக்க வரிசையாக உட்கார்ந்தன. ஆனால் மின்சாரம் வரவில்லை. பேனலை டிரான்ஸ்ஃபார்மரோடு இணைக்க வேண்டும், தெருவுக்கு இருப்பதோ ஒன்றே ஒன்று. தெருக்கோடிக் கடைக்காரர்கள் முந்திக்கொண்டு தங்கள் பேனல்களை அதில் இணைத்துவிட்டார்கள், இனி அது தாங்காது என்று மின்சார அலுவலகம் கைவிரித்தது. இன்னொன்று வைக்கலாம், இடம் காட்டுங்கள் என்றார்கள். ஒரு கட்டில் போடுகிற அளவு இடம்தான். அதைக் கொடுக்க அந்தத் தெருவில் ஒருவருக்கும் மனசில்லை.

ஐந்து மாதம் பேனல்கள் வெறுமனே வெயில் காய்ந்தன. கிளிப்பக்கா விடுதி விரிப்புகளை அறைக்குள்ளே விசிறி வைத்து உலர்த்தினாள். காயாமல் வாடை அடிக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். ஒருநாள் பொறுமை விட்டுப்போய், ஈர மூட்டையை மேலே தூக்கிப் போய்ப் பேனல்கள்மேல் அப்படியே விரித்தாள். சூடேறிய கண்ணாடியில் கொடியைவிடப் பாதி நேரத்தில் காய்ந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்த வருஷத்தில் அன்று ஒருநாள்தான்.

செய்தி போய்ச் செயலாளர் மூச்சுவாங்க ஏறிவந்தார். கண்ணாடி கீறும், கம்பெனி உத்தரவாதம் போய்விடும் என்று காகிதத்தைக் காட்டினார்.

"இது எரிய வைக்கிற விளக்கு எங்கய்யா இருக்கு, காட்டுங்க. காட்டினா எடுத்துடறேன்" என்றாள்.

அவர் காகிதத்தை மடித்துக்கொண்டு இறங்கினார். ஆனால் அவர் மறக்கிற ஆளில்லை. அடுத்த கூட்டத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்கு இடம் கிடைத்துவிட்டது: தரைத்தளத்து ஒற்றை அறை. சங்கத்துக்குச் சொந்தமானது, தெருப் பக்கம் கதவு, கம்பி இழுக்கத் தோது. ஒரே மாதத்தில் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அதைக் கொண்டுவந்து நீட்டியவனும் தம்பிதான். வேறு யாரும் அவள் வாசலுக்கு வரத் துணியவில்லை. அவள் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். உட்காரச் சொல்லவில்லை.

எதிர்ச் சாரியில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று. அதன் சொந்தக்காரருக்கும் செயலாளருக்கும் சாக்கடை விஷயத்தில் ஏழு வருஷத்துப் பகை. அதை நம்பித்தான் போய்க் கேட்டாள். எதிராளியின் எதிராளி என்ற ஒரே தகுதியில் மாடியும், இயந்திரங்கள் வைக்கத் தரைத்தளத்தில் ஓர் இடமும் அவளுக்குக் கிடைத்தன. இந்த முறை வாய்வார்த்தையை நம்பாமல் ஐந்து வருஷத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டாள். ஒரு மாடி கூடுதலாக ஏறவேண்டியிருந்தது, முழங்கால் வீங்கியது, ஏறினாள்.

அவள் பழைய அறையில் டிரான்ஸ்ஃபார்மர் வந்து, விளக்கெரிந்து, லிஃப்ட் தடையில்லாமல் ஓட ஆரம்பித்ததைச் சொன்னவள் தம்பி பெண்டாட்டி. சமாதானம் பேசத்தான் வந்திருந்தாள். கொடிகளுக்கு நடுவே நின்று, அவர் மாறிவிட்டார் அக்கா, இப்போதெல்லாம் எந்த மாடிக்குப் போனாலும் அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று முதலில் விசாரிக்கிறார் என்றாள்.

"விசாரிச்சிட்டு?"

"விசாரிச்சிட்டு... பேனலை மாட்டிட்டுதான் வர்றாரு."

"அப்போ அந்த முனையைப் பிடி" என்று விரிப்பின் ஒரு பக்கத்தை அவள் கையில் கொடுத்தாள் கிளிப்பக்கா. இருவரும் உதறினார்கள். தம்பியைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.