கமலா அக்காவின் மிச்ச ஊசி

பச்சை கவுன்களை மடித்து அடுக்கிக்கொண்டே, நடுநடுவே இதை எழுதுகிறேன். தஞ்சாவூரில், குழந்தை இல்லாதவர்களுக்குச் சிகிச்சை தரும் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை எனக்கு. வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள் என்பதை யாரிடமும் சொல்லாமலிருப்பதுதான் இங்கே முதலில் பழக வேண்டியது. ஸ்கேன் ரூம் வாசலில் காத்திருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

யூரியா

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கமலா அக்காவுக்கு ரெண்டு தடவை டெஸ்ட் டியூப் செய்தும் கரு தங்கவில்லை. ரெண்டு தடவையும் கருமுட்டை வளர நிறைய ஊசி. போன தடவை வயிறு வீங்கி, மூச்சு வாங்கி, நாலு நாள் படுத்துக் கிடந்தார். இந்த முறை டாக்டரம்மா வழியை மாற்றினார். அஞ்சு நாள் மாத்திரை, அப்புறம் கொஞ்சமாக ஊசி. முட்டை குறைவாக வந்தாலும் பரவாயில்லை, உடம்பு தாங்கணும் என்றார். தலையாட்டிவிட்டு வெளியே வந்த அக்கா என்னிடம் கேட்டார்.

"குறுவைக்கு யூரியாவைக் குறைச்சா பயிரு வெளுத்துப் போவுது. எனக்கு மருந்தைக் குறைச்சா என்னடி வரும்?"

பேனா ஊசி

எட்டாம் நாள் ஸ்கேனுக்கு முன் அக்காவுக்கு பாத்ரூம் வரை துணைக்குப் போனேன். முட்டை வளர்க்கும் பேனா ஊசி ஒன்று போன தடவை மிச்சமாகி வீட்டு ஃபிரிட்ஜில் இருந்ததாம். ரெண்டு நாளாக அதையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறாராம். சொல்லிடாதே என்று கையைப் பிடித்தார். டாக்டரம்மா முன்னால் எனக்கு நிமிர்ந்து பேசவே வராது. சொன்னால் இந்த மாசம் எல்லாமே நின்றுபோகலாம். சொல்லாவிட்டால்? அவர் மூச்சுக்குத் தவித்தது கண்ணிலேயே நின்றது.

சொல்லிவிட்டேன். டாக்டரம்மா அன்றைய ஊசியை நிறுத்தி, ரத்தம் எடுக்கச் சொன்னார். எனக்கு மகள் இருப்பதை அக்காவிடம் யார் சொன்னார்களோ தெரியாது, என்னைப் பார்த்ததும் வெடித்தார்.

"உனக்கு ஒரு பொண்ணு இருக்குல்ல? நீ பேசுவடி."

மஞ்சள் கயிறு

ரத்த முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதைக்கு ஆபத்தில்லை, கவனமாகத் தொடரலாம் என்றார்கள். அக்கா மட்டும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்று காலை முட்டை எடுக்க வந்தார். ஆபரேஷன் தியேட்டருக்குள் நகை கூடாது. தாலிக்குப் பதிலாகக் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டேன். கழற்றிய தாலியைச் சிஸ்டரிடம் கொடுக்காமல், என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"நீயே வச்சிரு. ஒண்ணுமே வரலைன்னாலும் நீதான் வந்து எங்கிட்ட சொல்லணும். மத்தவங்க மறைப்பாங்க."

வாயை மூடினாலும் பயம், திறந்தாலும் பயம் என்பதுதான் இந்த வேலையில் சம்பளத்தோடு சேர்த்துத் தருவது. இதோ தியேட்டர் கதவு திறக்கிறது, "மல்லிகா, இங்க வா" என்கிறார் சிஸ்டர், முகத்தைப் பார்த்தால் எத்தனை முட்டை என்று தெரியவில்லை; எதுவானாலும் அக்காவிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.